அமாவாசையை நிறுத்தின ராஜா

ஒரு ஊர்ல ஒரு சித்தாள் இருந்தா. ராஜா எங்கேன்னு கேக்காதே. எல்லாரும் ராஜாவுலேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. அவர் தன்னால வருவாரு, முதல்ல சித்தாள். அவ பேரு காத்தாயி. ம் சொல்லு.

ம்.

அப்படித்தான் சொல்லணும். ம் வரலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் பாதியில நிறுத்திடுவேன். அப்புறம் காலையில வந்து மீதி என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேன்.

இந்தக் காத்தாயிக்கு என்ன வேலைன்னா, தலையில சும்மாடு வெச்சு, அது மேல சாந்துச் சட்டியை வெச்சு, சாரத்துல ஏறி மேல இருக்கிற கொத்தனாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது. சாந்துன்னா சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி எல்லாம் போட்டு அரைச்சது. கை வெச்சா கை வெந்துபோகும். காலையில ஏறுவா, கிரீச் கிரீச்சுன்னு சாரம் கத்தும். இறங்குவா, மறுபடி ஏறுவா. பொழுது சாயறவரைக்கும் அதே.

அப்புறம், அவ கட்டினது என்ன தெரியுமா? ராஜாவோட கோபுர மாளிகை. இப்போ வந்துட்டாரு பாரு ராஜா. பக்கத்து நாட்டு ராஜா ஒம்பது மாடி கட்டிட்டாராம். அதனால நம்ம ராஜா பத்து மாடி கட்டுறாரு. மந்திரி கேட்டாரு, "பத்தாவது மாடியிலேருந்து என்ன பார்ப்பீங்க மகாராஜா?"

"அவனோட ஒம்பதாவது மாடியைப் பார்ப்பேன்"னாரு ராஜா.

மந்திரி அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை. கெட்டிக்காரர்.

அந்த ஊர்ல கட்டட வேலைக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி, பொங்கல்னு என்ன வந்தாலும் வேலை உண்டு. ஆனா மாசத்துல ஒரு நாள், அமாவாசை அன்னிக்கு, கரண்டியைத் தொட மாட்டாங்க, தூக்குநூலை இறக்க மாட்டாங்க. அது அவங்க தாத்தா காலத்துலேருந்து வந்த லீவு. மத்த நாள்ல கோட்டைக் கதவு சாத்தியிருக்கும், அமாவாசைக்குத்தான் திறக்கும். திறந்ததும் ஆளாளுக்கு அவங்கவங்க ஊருக்கு ஓடுவாங்க.

காத்தாயியும் ஓடுவா. ஆத்துல சளக் சளக்னு இறங்கி ஏறினா அந்தக் கரையில அவ ஊரு. அங்க அவ அக்கா அஞ்சலை வீட்டுல அவ பொண்ணு செவந்தி இருந்தா. மூணு வயசு. புருஷன் எங்கேன்னு கேக்காதே, அது வேற கதை, அது அவ்வளவு நல்லாவும் இருக்காது. பிள்ளையைக் கூடவே கூட்டிட்டு வரலாம்தான். சாரத்துக்குக் கீழ விட்டா மேலேருந்து செங்கல் விழும். அதனால அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தா. முப்பது நாளுக்கு ஒரு தடவை போயி, ஒரு பகல், ஒரு ராத்திரி பிள்ளையோட இருந்துட்டு, விடியறதுக்குள்ள திரும்பிடுவா.

ம்.

அதனால காத்தாயி வானத்தைப் பார்த்துத்தான் நாளை எண்ணுவா. மூணாம் பிறை தெரிஞ்சா, இப்போதானே வந்தோம்னு மனசு சுருங்கும். பாதி நிலா, முக்கால் நிலா, அப்புறம் பௌர்ணமி. ஊரே பௌர்ணமியைப் பார்த்து ஆஹா என்ன அழகுன்னு சொல்லும். காத்தாயி, "சரி, பாதி மாசம் போச்சு"ன்னு திரும்பிப் படுத்துப்பா. அப்புறம் நிலா தேய ஆரம்பிக்கும். தினம் தினம் சோம்பேறி மாதிரி நேரம் கழிச்சு எழுந்து வரும். கடைசியில விடியக்காலையில கிழக்கே நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கீத்து தெரியும். அதைப் பார்த்தா காத்தாயிக்குச் சிரிப்பு தாங்காது. நாளைக்கு லீவு.

அந்தப் பக்கம் அஞ்சலையும் பிள்ளைக்கு அதையேதான் சொல்லி வெச்சிருந்தா. "நிலா தேய்ஞ்சு தேய்ஞ்சு காணாமப் போனதும் உங்கம்மா வரும்." அந்தக் குட்டி வாசல்ல நின்னு தினமும் நிலாவைப் பார்த்து, "போ, போ"ன்னு விரட்டும்.

அப்போ ஒரு நாள் ராஜா உட்கார்ந்து யோசிச்சாரு. அவர் யோசிச்சாலே ஊருக்கு ஏதோ ஒண்ணு வரும். "மேஸ்திரி, வருஷத்துக்குப் பன்னெண்டு பதிமூணு நாள் வேலை நிக்குதே, ஏன்?"

"அமாவாசைங்க."

"அமாவாசை இல்லைன்னா?"

"இல்லைன்னா வேலை நிக்காதுங்க."

"அவ்வளவுதானே"ன்னாரு ராஜா.

மறுநாள் தண்டோரா. டம டம டம டம! இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனிமேல் இந்த நாட்டில் அமாவாசை கிடையாது! டம டம டம! ஊர்ல எல்லாரும் வானத்தைப் பார்த்தாங்க. வானம் அதுபாட்டுக்கு இருந்துச்சு.

முதல் மாசம் வந்துச்சு. நிலா தண்டோராவைக் காதுல வாங்கவே இல்லை, எப்பவும் போல தேய்ஞ்சு, காணாமலும் போச்சு. காத்தாயி மூட்டை முடிச்சோட கதவுகிட்ட போய் நின்னா. மேஸ்திரி வந்து, "எங்க?"ன்னாரு.

"ஊருக்குங்க. அமாவாசை."

"அமாவாசை கிடையாதுன்னு சொன்னாங்கல்ல?"

"நிலா இல்லைங்களே."

மேஸ்திரி மேல பார்த்தாரு. ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வானம். "மேகம் மறைச்சிருக்கு. போய் சட்டியை எடு"ன்னாரு.

அப்புறம் மூணு நாள் கழிச்சு அவ ஊரு மோர்க்காரி வந்தா. தலையில பானையோட கதவு இடுக்கு வழியா சொன்னா, "உன் பொண்ணு அழுதா அழுகை, ஊரே தூங்கலை. நிலாதான் போயிடுச்சே, அம்மா ஏன் வரலைன்னு கேக்குது." காத்தாயி திரும்பிப் போய்ச் சாரத்துல ஏறினா. அந்த நாள் பூரா அவ கொண்டுபோன சாந்துல உப்பு கலந்திருந்துச்சுன்னு கொத்தனார் சொன்னாராம். அது கொத்தனார் சொன்னது. எனக்குத் தெரியாது.

ம்.

ரெண்டாம் மாசம். இந்தத் தடவை ஜனங்க மேகத்தை நம்ப மாட்டாங்கன்னு ராஜாவுக்கே தெரிஞ்சுபோச்சு. அரண்மனையில இருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தாங்க. கல்யாணத்துக்குச் சீர் வைக்கிற தாம்பாளம், நாலு பேரு தூக்கணும். புளி போட்டுத் தேய்ச்சாங்க, சாம்பல் போட்டுத் தேய்ச்சாங்க. அதைக் கோபுரத்து உச்சியில ஒரு மூங்கில்ல கட்டி, முன்னாடி பெரிய எண்ணெய் விளக்கை வெச்சாங்க. தக தக தகன்னு ஜொலிச்சுது.

"நிலா வந்திருக்கு. எல்லாரும் வேலைக்குப் போங்க"ன்னாரு மேஸ்திரி.

ஒரு கிழவர் கேட்டாரு, "ஏங்க, முந்தாநாள் கீத்தா இருந்துச்சு, இன்னிக்கு முழுசா இருக்கே?"

"சாப்பிட்டிருக்கும்."

"ராத்திரி பூரா அதே இடத்துல நிக்குதேங்க? நகரவே இல்லையே?"

"களைச்சுப்போயிருக்கும்."

கிழவர் சட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ராஜா வீட்டு நிலாவாச்சே, கேட்டா மட்டும் நகரவா போகுது?

மோர்க்காரி வந்தா. "ஏ காத்தாயி, உங்க கோபுர நிலா எங்க ஊர் வரைக்கும் தெரியுது. உன் பொண்ணு பார்த்துச்சு. 'நிலா போகலை, அம்மா வராது'ன்னு சொல்லிட்டுத் தானே போய்ப் படுத்துக்கிச்சு. அழக்கூட இல்லை."

அழுதிருந்தா தேவலைன்னு இருந்துச்சு காத்தாயிக்கு. உனக்கு அது புரியாது. புரியற வயசுல இந்தக் கதையை நீ வேற யாருக்காவது சொல்லிட்டிருப்பே.

அப்புறம் மூணாம் மாசம். அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடியே மோர்க்காரி வந்துட்டா. இந்தத் தடவை பானையை இறக்கி வெச்சுட்டு, சும்மாட்டைப் பிரிச்சு மறுபடி சுத்திட்டே இருந்தா.

"சொல்லு"ன்னா காத்தாயி.

"உன் பொண்ணு இப்போ அஞ்சலையை அம்மான்னு கூப்பிடுது."

காத்தாயி, "சரி"ன்னா. சட்டியைத் தூக்கித் தலையில வெச்சா. ஏறினா, இறங்கினா. ஆனா அன்னிக்குப் படுத்தா தூக்கம் வரலை. இன்னும் ஒரு மாசம் போனா அக்கா வீட்டுல நமக்கு விருந்தாளின்னு பேர் வெச்சுடுவாங்களோன்னு எழுந்து உட்கார்ந்துக்கிட்டா.

அமாவாசையும் வந்துச்சு. விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டே இருக்கணும், காத்துல தாம்பாளம் திரும்பாமப் பிடிக்கணும். அது மேஸ்திரி வேலை. ஆனா மேஸ்திரிக்கு ஒரு சங்கதி உண்டு. ஊர்ல யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அவருக்கு உசரம் ஆகாது. பத்து மாடி கட்டற மேஸ்திரி ரெண்டாவது மாடிக்கு மேல ஏறினதே இல்லை. முழங்கால் ரெண்டும் தட தட தடன்னு அடிச்சுக்கும். அதனால போன மாசம் வேற ஒரு ஆளை ஏத்தினாரு, இந்தத் தடவை, "காத்தாயி, நீ போய் நிலாவைப் பிடி"ன்னு அவளை அனுப்பிட்டாரு.

அப்போ பாரு, பொண்ணு வாசல்ல நின்னு எந்த நிலாவைப் பார்த்து, அம்மா வராதுன்னு நினைக்குதோ, அந்த நிலாவைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறது அவ அம்மா. காத்தாயிக்கு அது அங்க ஏறினதுக்கு அப்புறம்தான் உறைச்சுது. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊர் விளக்குங்க சின்னச் சின்னதா தெரிஞ்சுது. அதுல எது அஞ்சலை வீடுன்னு தேடித் தேடிக் கண்ணு வலிச்சுது.

ம்.

அப்போ பின்னாடி யாரோ க்கும் க்கும்னு தொண்டையைச் செருமினாங்க.

திரும்பிப் பார்த்தா, சாரத்து மூங்கில்ல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்காரு. தலையில பாகை, காதுல கடுக்கன். ஆனா அவருக்குப் பின்னாடி இருக்கிற நட்சத்திரமெல்லாம் அவர் வழியாவே தெரியுது. பயப்படாதே. காத்தாயியே பயப்படலை. தலையில சட்டி சுமந்தவளுக்கு அதெல்லாம் பெரிசில்லை.

"யாருங்க?"

"நான் பழைய ராஜா. இவன் அப்பன். ஏம்மா, இன்னிக்கு என்ன திதி?"

"அமாவாசைங்க. ஆனா கிடையாதுங்க."

"கிடையாதுன்னா?"

"உங்க பிள்ளை நிறுத்திட்டாருங்க."

பெரியவர் பாகையைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. "அதானே பார்த்தேன். உங்களுக்கு ஒரு மாசம்னா செத்துப்போன எங்களுக்கு ஒரு நாள், தெரியுமா? தேய்பிறைப் பாதியில எங்களுக்கு விடியும், வளர்பிறைப் பாதியில பொழுது சாயும். அமாவாசைதான் உச்சி வேளை. சாப்பாட்டு நேரம். பிள்ளை ஆத்துல நின்னு எள்ளும் தண்ணியும் இறைச்சா அதுதான் எங்களுக்குச் சோறு. மூணு தடவையா ஆத்தங்கரையில வந்து நிக்கிறேன். ஒருத்தனும் வரலை. போன தடவையும் இன்னிக்கும் நிமிர்ந்து பார்த்தா நிலா. சரி, நாமதான் நாள் தப்பி வந்துட்டோம் போலன்னு திரும்பிப் போயிடறேன்."

"அப்போ மூணு நாளா பட்டினிங்களா?"

"மூணு நாள்."

காத்தாயிக்கு ஐயோன்னு இருந்துச்சு. பக்கத்துல இருந்த தண்ணிச் செம்பை நீட்டினா. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "நீ குடுத்தா எனக்கு இறங்காதும்மா. அவன் கையால வரணும்."

"எனக்கும் அப்படித்தாங்க"ன்னா காத்தாயி. "மூணு மாசமா என் பொண்ணைப் பார்க்கலை. மூணு வயசு. என்னை மறந்துட்டாளோன்னு பயமா இருக்கு. வேற யாரைப் பார்த்தாலும் எனக்கு அது இறங்கலைங்க."

பெரியவர் தாம்பாளத்தையே பார்த்துட்டு இருந்தாரு. "இந்த விளக்கை அணைச்சா என் பிள்ளை மேல வருவானா?"

"கண்டிப்பா வருவாருங்க. இது அவரோட நிலா."

அவ்வளவுதான். காத்தாயி குனிஞ்சு, ஊஃப்!

நிலா போயிடுச்சு. கீழ ஒரே கூச்சல். "நிலா எங்க? நிலா எங்க?"ன்னு ராஜா குரல். "மேஸ்திரி, ஏறு!" மேஸ்திரி முழங்கால் தட தட தட. ரெண்டு மாடி ஏறி அப்படியே ஒரு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. காவல்காரங்களுக்கு இருட்டுல சாரம் ஏறிப் பழக்கமில்லை. கடைசியில ராஜாவே ஏறினாரு. அவர் கட்டின மாளிகை, அவரே இதுவரைக்கும் ஏறினதில்லை. மூணாவது மாடியில, ஸ்ஸ். ஆறாவது மாடியில, ஹா ஹா ஹான்னு மூச்சு. ஒம்பதாவது மாடியில சாரத்துப் பலகையிலேயே உட்கார்ந்துட்டாரு. அப்புறம் கையை ஊனிக்கிட்டு உச்சிக்கு வந்தாரு.

"வாடா"ன்னாரு பெரியவர்.

ராஜாவுக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயசுல மாங்கா திருடினப்போ கேட்ட குரல். அப்படியே கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "அப்பா, நீங்களா?"

"நல்ல உசரமா கட்டியிருக்கே."

"பத்து மாடிப்பா."

"இங்கேருந்து என்ன தெரியுது?"

ராஜா நாலு பக்கமும் பார்த்தாரு. கும்மிருட்டு. "ஒண்ணும் தெரியலைப்பா."

"எள்ளும் தண்ணியும் எங்கடா?"

ராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அமாவாசை கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டேன்பா. போட்ட சட்டத்தை நானே மீறலாமா?"

பெரியவர் யோசிச்சாரு. அவரும் ராஜாவா இருந்தவர்தானே. "நீ சொல்றதும் நியாயம்தான். ஆனா பசிக்குதே."

"வேணும்னா, அரண்மனைக்கு மட்டும் அமாவாசை உண்டுன்னு ஒரு சின்னத் திருத்தம் பண்ணிடறேன்பா"ன்னாரு ராஜா. ராஜாக்களுக்குத் திருத்தம் மட்டும் சீக்கிரம் வரும்.

அப்போ காத்தாயி வாயைத் திறந்தா. இருட்டுல நின்னதால ராஜா முகம் தெரியலை, அதனால பயமும் இல்லை. "அமாவாசை ஒரு வீட்டுக்கு மட்டும் வராதுங்க. அரண்மனைக்கு இருட்டா இருந்தா ஆத்துக்கு அந்தப் பக்கமும் இருட்டாத்தாங்க இருக்கும். உங்கப்பாவுக்குப் பசிக்கிற மாதிரி அங்க ஒரு பிள்ளை காத்துட்டு இருந்துச்சு. இப்போ காத்துட்டு இருக்குதான்னே தெரியலை. கதவைத் திறங்க."

ராஜா அப்பாவைப் பார்த்தாரு. அப்பா ராஜாவைப் பார்த்தாரு. "இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுடா. திதி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கு. நான் ஆத்தங்கரையில இருக்கேன்"னு சொல்லிட்டுப் பாகையைத் தலையில வெச்சுக்கிட்டு மறைஞ்சுபோயிட்டாரு.

விடியக்காலையில டம டம டம! அமாவாசை உண்டு, எப்பவும் உண்டு, விட்டுப்போன மூணுக்கும் சேர்த்து மூணு நாள் லீவு! கோட்டைக் கதவு கிர்ர்ருன்னு திறந்துச்சு. ராஜா எள்ளுப் பாத்திரத்தோட ஆத்துக்குப் போனாரு. அவருக்கு முன்னாடி சளக் சளக்னு ஆத்தைத் தாண்டிட்டா காத்தாயி.

தூங்கிட்டியா?

...ம்.

சரி. அஞ்சலை வீட்டு வாசல்ல செவந்தி மண்ணுல விளையாடிட்டு இருந்தா. காத்தாயி ஓடிவந்து, "செவந்தி!"ன்னா. பிள்ளை நிமிர்ந்து பார்த்துச்சு. ஒரு நிமிஷம் பார்த்துச்சு. அப்புறம் எழுந்து ஓடிப்போய் அஞ்சலை சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, "யாரு அது?"ன்னு கேட்டுச்சு.

அஞ்சலை, "உங்கம்மாடி"ன்னா.

"இல்லை. அம்மா நீ"ன்னுச்சு.

அஞ்சலைக்கு அழுகை வந்துடுச்சு. காத்தாயி பிள்ளையைப் பிடிச்சு இழுக்கலை. மூஞ்சியைக் கழுவிட்டு அடுப்படியில உட்கார்ந்து அக்கா குடுத்த கஞ்சியைக் குடிச்சா. பிள்ளை தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்துச்சு. மத்தியானம் காத்தாயி முறத்தை எடுத்து அரிசி புடைச்சா. பிள்ளை ஒரு எட்டு கிட்ட வந்துச்சு, காத்தாயி நிமிர்ந்ததும் ஓடிடுச்சு. அப்புறம் அவ நிமிரவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் இல்லாத கல்லையெல்லாம் அரிசியில பொறுக்கிட்டு இருந்தா.

ராத்திரி வந்துச்சு. அமாவாசைக்கு மறுநாள், அன்னிக்கும் நிலா கிடையாது. அஞ்சலை விளக்கை அணைச்சா. ஒரே இருட்டு, கண்ணைத் திறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். அந்தக் கடைசியில அஞ்சலை, நடுவுல பிள்ளை, இந்தக் கடைசியில காத்தாயி. காத்தாயி கையை மட்டும் நடுவுல நீட்டிப் போட்டுட்டு மூச்சுகூட விடாமப் படுத்திருந்தா.

ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் ஒரு சின்னக் கை இருட்டுல தடவிட்டு வந்துச்சு. வந்து காத்தாயி கையைத் தொட்டுச்சு. சுண்ணாம்பு பட்டு வெடிச்சு வெடிச்சு சொரசொரன்னு இருக்கிற கை. அந்த ஊர்லயே அப்படி வேற கை கிடையாது. சின்ன விரலுங்க அந்த வெடிப்பு மேல எல்லாம் போச்சு, வந்துச்சு. மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்துச்சு. பகல்ல பார்த்த மூஞ்சியை அதுக்குத் தெரியலை. இந்தக் கையைத் தெரிஞ்சுது.

"அம்மா கை"ன்னுச்சு.

பிள்ளை அந்தக் கையைத் தூக்க முடியாமத் தூக்கி, தன் முதுகு மேல போட்டுக்கிச்சு. போட்டுக்கிட்டு, ரொம்ப நாளா நிறுத்தி வெச்சிருந்த வேலையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்ற மாதிரி, "தட்டு"ன்னு சொல்லிச்சு.

அவ தட்டினா. பிள்ளை தூங்கிடுச்சு. அதுக்கப்புறமும் தட்டினா. விடியறவரைக்கும் தட்டினான்னு அஞ்சலை சொன்னா.

கதையும் கண்ணை மூடிக்கிச்சு, நீயும் மூடு. ம் எல்லாம் போதும். நான் தட்டுறேன், நீ தூங்கு.